கடைசி வரியில் ஒரு வட்டம்

ஜனவரி 9

டேய் தம்பி,

பார்சலைப் பிரிச்சுட்டு மூஞ்சியைச் சுளிக்காதே. முந்நூத்தி நாப்பது பக்கம். நாவல்தான். ஆமா, நான்தான் எழுதினேன். நம்ம வீட்டுல எழுத்துன்னா நீதான்னு எல்லாரும் முடிவு பண்ணி வெச்சிருந்தீங்க. நானும் நாலு வருஷமா யார்கிட்டயும் மூச்சு விடல.

லேப்ல மதியம் சாப்பாட்டு நேரம் முக்கால் மணி. பத்து நிமிஷத்துல சாப்பிட்டு முடிச்சு, பல் செட் ஆர்டர் வர்ற படிவங்களோட பின்பக்கத்துல எழுதுவேன். எங்க முதலாளி ஒரு நாள் பார்த்துட்டு, என்னம்மா, ராஜினாமா கடிதமா, இவ்வளவு நீளமா இருக்குன்னு கேட்டார். ஆமா சார், எழுத எழுத முடிய மாட்டேங்குதுன்னேன். அப்புறம் எல்லாத்தையும் டைப் அடிச்சு வாங்கினேன். படிவங்களை இன்னும் வெச்சிருக்கேன்.

போன்லயே சொல்லியிருக்கலாம். போன்ல நீயும் நானும் என்ன பேசுறோம்? சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, சரி வைக்கிறேன். அதான் கடிதம்.

பதிப்பகத்துக்கு வர்ற கட்டுகளைப் படிச்சு இது தேறும், இது தேறாதுன்னு சொல்றது உன் வேலை. முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு யோசனை எழுதி அனுப்புறே. எனக்கும் அதே மாதிரி எழுது. அக்காவாச்சேன்னு மழுப்பாதே. எங்க தொங்குது, எங்க பல்லிளிக்குதுன்னு சொல்லு, நான் திருத்தறேன்.

நான் ஏன் இதை எழுதினேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். புருஷனை விட்டுட்டு வந்த அன்னிக்கு அப்பா என் முகத்துல கதவைச் சாத்தினது சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியும். சாகும்போது அவர் மனசு இறங்கி என்னைப் பத்திச் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதை நாலு பேர் படிக்கணும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த முந்நூத்தி நாப்பது பக்கமும். வேற எது சரியில்லாட்டியும் அது சரியா இருக்கு, அதை மட்டும் நானே சொல்லுவேன்.

உன் பொண்டாட்டியை விசாரிச்சதா சொல்லு.

அக்கா


ஜனவரி 28

அக்கா,

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். கட்டோட வெச்சிருந்த உன் கடிதத்தை நான் இன்னும் படிக்கல. கோவிச்சுக்காதே, யார் கட்டு வந்தாலும் அப்படித்தான். கடிதத்தை எடுத்து டிராயர்ல போட்டுட்டு நேரா முதல் பக்கத்துக்குப் போயிடுவேன். கடிதத்துல எல்லாரும் நல்லாத்தான் அழறாங்க. கதையில அழ வைக்கிறாங்களான்னு பார்க்கணும். உன்னோடதையும் அப்படியே படிச்சேன், எவளோ ஒருத்தி அனுப்பினதுன்னு நினைச்சு.

உனக்கு எழுத வருது. இதை நான் வருஷத்துக்கு ரெண்டு பேர்கிட்ட சொன்னா அதிகம். பதினாலாவது பக்கத்துல அவ பெட்டியோட வாசல்ல நிக்கிறா, அப்பா உள்ளேயிருந்து 'அவனோட வந்தா வா'ங்கறார், அவ 'உங்க சாவுக்குக்கூட வர மாட்டேன்'னு கத்துறா. அதைப் படிச்சுட்டு நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன். அன்னிக்கு உள்ளே நானும் நின்னுட்டிருந்தேன்கிறது வேற விஷயம்.

அதனாலதான் சொல்றேன், முதல் பதிமூணு பக்கத்தைத் தூக்கிப் போடு. நாவல் எழுத வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் மழையில ஆரம்பிக்கிறாங்க. நீ மழையையும் கொட்ட விட்டு, அதை ஜன்னல்ல நின்னு பார்க்க ஒரு பொம்பளையையும் வெச்சிருக்கே. பெட்டியோட வாசல்ல நிக்கிறாளே, அங்க ஆரம்பி.

'கோபமாகச் சொன்னாள்', 'வேதனையோடு சொன்னாள்' எல்லாம் வேண்டாம். சொன்னாள், போதும். அவ என்ன சொல்றாங்கிறதுலயே கோபம் தெரியும். தெரியலைன்னா பேச்சைத் திருத்து. அப்புறம் அந்தப் புருஷன். அவனுக்கு ஒரு நல்ல குணமாவது குடு. ஒண்ணுமே இல்லாதவனோட அவ எப்படி எட்டு வருஷம் குப்பை கொட்டினா? படிக்கிறவன் அவளைத்தான் முட்டாள்னு நினைப்பான்.

நான் ஓரத்துல பென்சில்ல போட்டிருக்கிற குறி என்னன்னு கேட்பே. சின்ன கோடு போட்டிருந்தா, அந்த வரி உயிரோட இருக்குன்னு அர்த்தம். வட்டம் போட்டிருந்தா, அது கட்டினது. உனக்குத் தெரியாத இடத்துல நீ சமாளிச்சிருக்கே. இருபது வருஷமா இதையே பண்றேன், மூக்கு மோப்பம் பிடிச்சிடுது.

பெரிய வட்டம் ரெண்டு. ஒண்ணு, பதினெட்டாவது அத்தியாயம் முழுக்க. அவ பல் செட் செய்யுற இடத்துக்கு எங்கேயோ இருக்கிற அப்பாவோட வாய் அச்சே வந்து சேருது. கம்பியைப் பல்லால உரிச்சு உரிச்சுத் தேஞ்ச முன்பல்லை வெச்சு அவ கண்டுபிடிக்கிறா. யாருக்கும் சொல்லாம அவளே செட்டைச் செய்யுறா, உள்பக்கம் நாக்கு படுற இடத்துல கடுகளவு ஒரு மேட்டை மெருகு போடாம வேணும்னே விட்டுடறா. அப்பா பாவம் எலக்ட்ரீஷியன், கம்பியை உரிச்சார், சரி. ஆனா நாட்டுல இத்தனை லேப் இருக்க அவ மேஜைக்கேவா வரும்? தற்செயல் கதையைத் தொடங்கி வைக்கலாம், நடுவுல வந்து உதவி பண்ணக் கூடாது. எடுத்துடு.

ரெண்டாவது, கடைசி வரி. சாகப் போற அப்பா மகன்கிட்ட சொல்றார்: 'கதவைத் தாழ் போடாதே. அவ வந்தா தட்ட வேண்டியிருக்கக் கூடாது.' அக்கா, சாகிறவங்க இவ்வளவு அழகா பேச மாட்டாங்க. மூச்சு வாங்கும், தண்ணி கேட்பாங்க, பேரை மாத்திக் கூப்பிடுவாங்க. இது எழுதறவனோட வரி. அந்த அறையில நீ இல்ல, அதனால கட்டியிருக்கே, கட்டினது நல்லாத் தெரியுது. வெட்டிடு. நாவல் அதுக்கு முந்தின பத்தியிலயே முடிஞ்சு போச்சு.

என் வீட்டுக்காரி உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னா. சீக்கிரம் திருத்தி அனுப்பு, மேலிடத்துல நானே பேசறேன்.

தம்பி


பிப்ரவரி 6

டேய்,

மழையை எடுத்துட்டேன். 'கோபமாக', 'வேதனையோடு' எல்லாத்தையும் தேடிப் பிடிச்சு அடிச்சுட்டேன், நூத்திப் பதினாறு இருந்துச்சு. அந்த மனுஷனுக்கு நல்லா காபி போட வரும்னு ஒரு வரி சேர்த்தேன். நிஜமாவே வரும். பதினெட்டாவது அத்தியாயத்தையும் எடுத்துட்டேன். பதினோரு பக்கம். எடுக்கும்போது கை வரல, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எடுத்தேன்.

கடைசி வரிக்கு வட்டம் போட்டிருக்கே. அதைத்தான் அஞ்சு நாளா பார்த்துட்டு இருக்கேன்.

அது நான் எழுதினது இல்ல தம்பி. நீ சொன்னது.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி, காலையில பதினோரு மணி இருக்கும். நான் லேப்ல மெழுகு உருக்கிட்டிருந்தேன். நீ போன் பண்ணி அப்பா போயிட்டார்னே. எப்போன்னு கேட்டேன், இப்பத்தான்னே. உடம்புக்கு என்னன்னு கேட்டேன், ஒன்பது நாளா ஆஸ்பத்திரியில இருந்தார்னே. என்னைக் கேட்டாராடான்னு மட்டும் கேட்டேன். நீ சொன்னே, 'கேட்டார்க்கா. கதவைத் தாழ் போடாதே, அவ வந்தா தட்ட வேண்டியிருக்கக் கூடாதுன்னார்.'

மெழுகு கருகிப் போச்சு. பக்கத்து மேஜைக்காரி வந்து அடுப்பை அணைச்சா.

அந்த வாக்கியத்துல ஒரு எழுத்தைக்கூட நான் மாத்தல. ஆறு வருஷமா தினம் சொல்லிப் பார்த்துக்கிறேன், எப்படி மாறும்? அதை வெச்சுத்தான் நான் நிமிர்ந்து நடந்துட்டு இருக்கேன். அதுக்குப் போய் கட்டினதுன்னு வட்டம் போட்டிருக்கே. மறந்துட்டியா? அப்பா உன்கிட்டதானே சொன்னார்?

டிராயர்ல கிடக்கிற என் கடிதத்தை எடுத்துப் படி.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

உன் முதல் கடிதத்தைப் படிச்சேன். அப்பவே படிச்சிருக்கணும்.

வட்டத்தை விடு. பொதுவா நான் ஒரு கட்டை ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் குறி போடுவேன், உன்னோடதை ஒரே தடவையில, அதுவும் பஸ்ஸுல படிச்சேன். பொதுவா கடைசிப் பக்கம் வர்றதுக்குள்ள கண்ணு அசந்து போயிடும். நாவலோட கடைசி வரின்னாலே பொதுவா எனக்கு ஒரு சந்தேகம், அது என் தொழில் வியாதி. அந்த வரி இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. படிக்கிறவங்களுக்குப் பொதுவா அந்த மாதிரி முடிவுதான் பிடிக்கும்.

மத்த திருத்தம் முடிஞ்சதும் அனுப்பு. தலைப்பைப் பத்தி அப்புறம் பேசலாம்.

தம்பி


பிப்ரவரி 27

தம்பி,

நாலு 'பொதுவா'. எண்ணிட்டேன்.

ஆறாவது படிக்கும்போது அப்பாவோட டெஸ்டரை உடைச்சுட்டு வந்து நின்னியே, அன்னிக்கும் 'பொதுவா நான் அந்தப் பெட்டியைத் தொடறதே இல்லப்பா'ன்னுதான் ஆரம்பிச்சே. உன் பொய்க்கு அது ஒரு வாசல்.

நீ போட்ட வட்டத்தை நீயே அழிக்கிற ஆள் இல்ல. அப்பா என்ன சொன்னார்? எழுது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

இதோட நாலாவது தடவை எழுதறேன். முதல் மூணும் கதை மாதிரி வந்துடுச்சு, கிழிச்சுட்டேன்.

அப்பா அந்த வரியைச் சொல்லல. நான் சொன்னது.

ஆஸ்பத்திரியில சேர்த்த ரெண்டாவது நாள், அக்காவுக்குச் சொல்லட்டுமாப்பான்னு கேட்டேன். அப்ப அவருக்கு நல்ல நினைவு இருந்துச்சு. 'சாவுக்குக்கூட வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவ. அவ பேச்சை நான் ஏன் கெடுக்கணும்? சொல்லாதே'ன்னார். அவ்வளவுதான். மீதி ஏழு நாளும் உன் பேச்சு வரல. நான் எடுத்தாலும் திரும்பிப் படுத்துக்குவார். வார்டுல ஒரு பிளக் பாயிண்ட் ஆடிட்டிருந்துச்சு, அதைப் பத்தி நாள் முழுக்க நர்ஸைத் திட்டினார். ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வாடான்னு என்னைத் திட்டினார். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல அக்கா. இருந்திருந்தா நான் எதையும் கட்ட வேண்டியிருந்திருக்காது.

நான் ஏன் அவர் பேச்சைக் கேட்டேன்? அதான் உன் அடுத்த கேள்வியா இருக்கும். பயம்தான். நாப்பது வயசுலயும் அவர் சொன்னா எனக்குக் கை கால் ஓடாது. நீ வந்து, அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா அதைப் பார்க்கவும் எனக்குத் தெம்பு இல்ல. அன்னிக்குக் கதவைச் சாத்தும்போதும் நான் உள்ளேதான் நின்னுட்டிருந்தேன். ஒரு எட்டு வெச்சுத் திறந்திருக்கலாம்.

கடைசியா அவர் என்ன சொன்னார்னு கேட்டிருக்கே. எழுதவே கூச்சமா இருக்கு, அதுல ஒண்ணும் இல்ல. எட்டாவது நாள் சாயங்காலம், 'பல்லு எங்கடா?'ன்னார். நர்ஸ் செட்டைக் கழட்டி எங்கேயோ வெச்சுட்டாங்க. பார்க்க ஆளுங்க வர்ற நேரம், அவர் ஒரு கையால வாயை மூடிக்கிட்டே திரும்பத் திரும்பக் கேட்டார். பல்லைக் குடுடா, பல்லைக் குடுடான்னு. நான் மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன், இல்ல. 'நாளைக்குத் தேடித் தரேன்பா'ன்னேன். மறுநாள் காலையில பத்தே முக்காலுக்குப் போயிட்டார்.

வராந்தாவில நின்னுதான் உனக்குப் போன் பண்ணினேன். என்னைக் கேட்டாரான்னு நீ கேட்டே. எதிர்ல ஒரு அறைக் கதவு தாழ் சரியா விழாம ஆடிட்டிருந்துச்சு. அதைப் பார்த்துட்டே வாயில வந்ததைச் சொன்னேன். நீ அழுதே. அழட்டும், ஆறிடும்னு நினைச்சேன்.

அப்புறம் அதை மறந்தே போயிட்டேன். இதைத்தான் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ ஆறு வருஷமா தினம் சொல்லிப் பார்த்ததை, நான் அந்த வாரமே மறந்துட்டேன். உன் கட்டுல அந்த வரி வந்தப்ப எனக்கு அடையாளமே தெரியல. யாரோ அங்க இல்லாதவங்க கட்டினதுன்னு மட்டும் பட்டுச்சு, பென்சிலை எடுத்து வட்டம் போட்டுட்டேன்.

என்னை என்ன வேணாலும் சொல்லு.

தம்பி


ஏப்ரல் 22

அக்கா,

போன் எடுக்க மாட்டேங்கறே. லேப்புக்கு அடிச்சா வேலையா இருக்காங்கங்கறாங்க. திட்டியாவது ஒரு வரி எழுது. நாவலை நிறுத்திடாதே, அது என் தப்புக்காக நிக்க வேண்டியதில்ல.

தம்பி


மே 11

தம்பி,

செத்துப் போகல. லேப்ல ஒருத்தி பிரசவத்துக்குப் போயிட்டா, அவ வேலையும் என் தலையில. அது பாதி காரணம். மீதி உனக்குத் தெரியும்.

ஒன்பது நாள் தம்பி. சாயங்காலம் ரயில் ஏறினா காலையில வந்திருப்பேன். உள்ளே விடலைன்னா வாசல்ல நின்னு கண்ணாடி வழியா பார்த்திருப்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டா, திருப்பின முகத்தைப் பார்த்துட்டு வந்திருப்பேன். அதுவும் என் அப்பா முகம்தானே? எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு நீ யாரு முடிவு பண்ண?

நான் கத்தினது ஒரு கோபத்துல. ஏழு வருஷம் கழிச்சும் அந்த வார்த்தையை அவர் அப்படியே வெச்சிருந்திருக்கார். நானும் அதேதான் பண்ணியிருப்பேன். அவர் பொண்ணுதானே.

எனக்கு எழுத வராது, அடுத்தவன் எழுதறதைப் படிக்கத்தான் வரும்னு நீ சொல்லிட்டே இருப்பியே. ஆறு வருஷமா நான் நம்பின ஒரே கதை நீ எழுதினதுதான். ரெண்டே வரி. அதுக்கு நீயே வட்டமும் போட்டுட்டே.

இன்னொரு வட்டம் போட்டியே, பதினெட்டாவது அத்தியாயம். அது நடந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி. எங்க லேப்புக்குப் பல ஊர் பல் டாக்டர்கள்கிட்டேயிருந்து கூரியர்ல அச்சு வரும். படிவத்துல பேர் இருக்காது. நம்பர், வயசு, ஆணா பொண்ணா, அவ்வளவுதான். எழுபது, ஆண், மேல் வரிசை முழு செட். பிடுங்குறதுக்கு முன்னாடி எடுத்த அச்சும் கூடவே வெச்சிருந்தாங்க. அதுல நாலு பல்லு நின்னுச்சு. இடது முன்பல் பக்கத்துப் பல்லு மேல கொஞ்சம் ஏறி இருந்துச்சு, அதோட நுனியில ஒரு பள்ளம். பிளாஸ்டர்லதான் இருந்துச்சு. ஆனா சின்ன வயசுல அந்த வாய் என்னைத் திட்டும்போது நான் அந்தப் பள்ளத்தைத்தான் பார்த்துட்டு நிப்பேன். எனக்கா தெரியாது?

முதலாளிகிட்ட இதை நான் செய்யறேன்னு வாங்கிக்கிட்டேன். ரொம்ப வரிசையா வெச்சா பொய்ப்பல்லுன்னு பார்த்தவுடனே தெரிஞ்சிடும், அதனால அந்த இடது பல்லைக் கொஞ்சம் ஏத்தி, இருந்த மாதிரியே வெச்சேன். மூணு நாள் பிடிச்சுது. சாதாரணமா ஒரு நாள் வேலை. கடைசியில உள்பக்கம் மெருகு போடும்போது, முன்பல்லுக்குப் பின்னாடி நாக்கு நுனி படுற இடத்துல கடுகளவு ஒரு மேட்டை விட்டுட்டேன். ஏன்னு கேட்டா எனக்கே சரியா தெரியல. கோபமும் இருந்துச்சு. தினம் அவர் நாக்கு அதுல இடறணும்னு நினைச்சேன். நான்னு தெரியாட்டியும் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

ரெண்டு வருஷம் அந்த வாய்ல என் வேலை இருந்திருக்கு. இதை நான் யார்கிட்டயும் சொல்லல, நாவல்ல மட்டும் எழுதினேன். நம்ப முடியலைன்னு எடுக்கச் சொன்னே, எடுத்துட்டேன். நான் கட்டினதுன்னு நீ நினைச்சே, நீ கட்டினதை நான் நிஜம்னு நினைச்சேன். நல்லா இருக்கு நம்ம பொழப்பு.

அவர் கடைசியா கேட்டதுல ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருந்தே. அவர் கேட்டது நான் செஞ்சதை. அவருக்குத் தெரியாது, தெரியாமத்தான் கேட்டார், எனக்குப் புரியுது. ஆனாலும் நீ எழுதினதைப் படிச்சுட்டு ஒரு வாரம் என்னால லேப்ல எந்த அச்சையும் தொட முடியல.

அந்த செட் எங்க?

அக்கா


மே 25

அக்கா,

உன் கடிதம் வந்த அன்னிக்கு ஆபீஸுக்கு லீவ் போட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை பீரோ மேல ஆறு வருஷமா அப்படியே இருந்துச்சு. வீட்டுக்காரி பல தடவை தூக்கிப் போடலாமான்னு கேட்டிருக்கா, நான் விடல, பிரிச்சும் பார்க்கல. இறக்கிப் பிரிச்சேன். துண்டு, கண்ணாடி, மாத்திரைச் சீட்டு, ஒரு பழைய பேப்பர். அடியில ஒரு சின்ன வெள்ளை டப்பா, மேல கட்டில் நம்பர் ஒட்டியிருந்துச்சு. அதுக்குள்ளதான் இருந்துச்சு.

அந்தப் பை அவர் கட்டிலுக்கு அடியிலதான் அக்கா இருந்துச்சு. முதல் நாள்லேயிருந்து. நான் அந்தக் கட்டில்ல உட்கார்ந்துதான் 'நாளைக்குத் தேடித் தரேன்பா'ன்னு சொல்லியிருக்கேன். குனிஞ்சிருந்தா எடுத்திருப்பேன். பசியா இருந்துச்சு, கேன்டீன் மூடிடுவாங்கன்னு எழுந்து போயிட்டேன்.

டப்பாவை அப்படியே அனுப்பறேன். திறந்து ஒரு தடவை பார்த்தேன், தொடல. அந்த மேடு இருக்கா இல்லையான்னு தடவிப் பார்க்க எனக்கு உரிமை இல்லைன்னு பட்டுச்சு. அது உன் வேலை.

இன்னொண்ணு. அந்த செட் டாக்டர்கிட்டேயிருந்து வந்த அன்னிக்கு அப்பா அதை மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு ஒண்ணு சொன்னார். நான் பக்கத்துலதான் இருந்தேன், இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எழுதலாம்னு பேனாவை வெச்சேன். இனிமே நான் அப்பா சொன்னார்னு எழுதினா நீ எப்படிப் படிப்பேன்னு நினைச்சதும் எடுத்துட்டேன். நீ கேட்டா எழுதறேன்.

பதினெட்டாவது அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்துடு. நான் சொன்னது தப்பு.

தம்பி


ஜூன் 8

தம்பி,

டப்பா வந்துச்சு. லேப்புக்கு எடுத்துட்டுப் போய், எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் என் மேஜையில விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

அந்த மேடு இல்ல. சுரண்டி எடுத்திருக்கார்.

டாக்டர்கிட்ட போயிருந்தா சுத்தமா தேய்ச்சுக் குடுத்திருப்பாங்க. இது கத்தி வேலை. குறுக்கும் நெடுக்குமா அஞ்சாறு கீறல் இருக்கு, ஒரு இடத்துல கொஞ்சம் ஆழமாவே போயிருக்கு. கம்பி உரிக்க அந்தக் குட்டைக் கத்தி வெச்சிருப்பாரே, மரப்பிடி போட்டது, அதுதான். அவர் உட்கார்ந்து செட்டைக் கையில வெச்சுக்கிட்டு, எந்த மடையன் செஞ்சானோன்னு திட்டிக்கிட்டே சுரண்டினது எனக்குக் கண்ணு முன்னாடி தெரியுது. என்னைத்தான் சுரண்டியிருக்கார். மீதியை வாய்ல போட்டுக்கிட்டு, போற வரைக்கும் வெச்சிருந்திருக்கார்.

ரொம்ப அழுதேன். சாப்பிட்டுட்டு வந்தவங்க என்னாச்சுன்னு கேட்டாங்க. செட் ஒண்ணு சரியா அமையலைன்னு சொன்னேன்.

பதினெட்டாவது அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்துட்டேன், நீ சொன்னதுக்காக இல்ல. கடைசிப் பக்கத்தை மாத்திட்டேன். கதவு, தாழ் எதுவும் இப்ப இல்ல. அப்பா கையால வாயை மூடிக்கிட்டு 'பல்லு எங்கடா?'ங்கறார். மகன் டிராயரைத் திறந்து பார்க்கிறான். 'நாளைக்குத் தேடித் தரேன்பா'ங்கறான். அதோட நாவல் முடியுது. கடைசி வரி இப்பவும் உன்னோடதுதான், இந்தத் தடவை நீ நிஜமாவே சொன்னது. உன் மேலிடத்துக்கு இதை அனுப்ப வேண்டாம். வேற இடத்துக்கு அனுப்பறேன், முகம் தெரியாத யாராவது படிக்கட்டும்.

உன் மேல கோபம் போகல. போயிடும்னு எழுதினா அது கட்டினதா இருக்கும், நீயே கண்டுபிடிச்சிடுவே. போன் பண்ணு, எடுக்கறேன். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்குன்னு கேளு, பதில் சொல்றேன். இப்போதைக்கு அவ்வளவு முடியும்.

செட் வந்த அன்னிக்கு அப்பா கண்ணாடி முன்னாடி ஏதோ சொன்னார்னு எழுதியிருந்தே. கேட்கணும்னு பதினஞ்சு தடவை போனைக் கையில எடுத்துட்டு வெச்சுட்டேன். நீ எழுத வேண்டாம். நல்லதா சொல்லியிருந்தார்னா நான் நம்ப மாட்டேன். கெட்டதா சொல்லியிருந்தார்னா நம்பிடுவேன்.

அக்கா